ஆதரவு மதிப்பெண் குறைந்தால் ஆதரவும் குறைவு என்று எழுதலாமா?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் சமூகப் பணியில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறார். ஒரு நாட்டின் பல்கலைக்கழக மாணவர்களிடமும், வேறு நாட்டிலிருந்து அங்கே வந்து வேலை செய்பவர்களிடமும் ஸிமெட் என்ற ஆய்வாளரின் 12 கூற்றுகள் கொண்ட, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை எண் போடும் சமூக ஆதரவு அளவுகோலைக் கொடுத்திருக்கிறார். இரண்டாவது குழுவுக்கு அவர்கள் மொழியில் பெயர்த்துக் கொடுத்திருக்கிறார். புலம்பெயர்ந்தவர்களின் சராசரி தெளிவாகக் குறைந்திருக்கிறது. கூற்றுகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் ஆல்பா இரண்டு குழுக்களிலும் 0.9-ஐ ஒட்டி வந்திருக்கிறது. சராசரிகளை ஒப்பிடும் டி-சோதனையும் வேறுபாடு இருப்பதாகச் சொல்கிறது. "புலம்பெயர்ந்தவர்களுக்குச் சமூக ஆதரவு குறைவு என்று எழுதலாமா? அல்லது வேறு அளவுகோலை எடுத்திருக்க வேண்டுமா?" என்று கேட்கிறார்.

இப்போதைக்கு அப்படி எழுத வேண்டாம். அந்த முடிவு உண்மையாகவே இருக்கலாம். ஆனால் கையில் இருக்கும் எண்களை வைத்து அந்த முடிவுக்கு வர முடியாது. இதைக் கொஞ்சம் நீளமாகவே விளக்குகிறேன். இப்படிப்பட்ட ஒப்பீடுகள் ஆய்வேட்டோடு நின்றுவிடுவதில்லை. எந்தக் குழுவுக்கு ஆலோசகர் வேண்டும், எந்தக் குழு தானாகச் சமாளித்துக்கொள்ளும் என்று முடிவெடுக்கும் இடங்களுக்கும் இந்த எண்கள் போய்ச் சேர்கின்றன.

இந்த அளவுகோல் எதை அளக்கிறது என்பதிலிருந்து ஆரம்பிக்கலாம். ஒருவருக்கு எவ்வளவு உதவி கிடைத்தது என்று அது எண்ணுவதில்லை. தேவைப்பட்டால் எனக்கு ஆள் இருக்கிறது என்ற நம்பிக்கையை அளக்கிறது. சிட்னி காப் 1976-ல் சமூக ஆதரவை ஒரு தகவல் என்றே வரையறுத்தார்: நான் நேசிக்கப்படுகிறேன், மதிக்கப்படுகிறேன், ஒருவருக்கொருவர் கடமைப்பட்ட ஒரு கூட்டத்தில் எனக்கும் இடம் உண்டு என்று ஒருவரை நம்பவைக்கும் தகவல். 1986-ல் மானுவல் பரேரா மூன்று விஷயங்களைத் தனித்தனியாகப் பிரித்தார். ஒருவருக்கு யார் யாரோடு தொடர்பு இருக்கிறது என்பது ஒன்று. அவர்கள் உண்மையில் என்ன செய்தார்கள் என்பது இன்னொன்று. செய்வார்கள் என்று அவர் எவ்வளவு நம்புகிறார் என்பது மூன்றாவது. உங்கள் அளவுகோல் இந்த மூன்றாவதை மட்டும் தொடுகிறது.

இரண்டாவதும் மூன்றாவதும் ஒன்றோடொன்று நெருங்கித்தானே இருக்கும் என்று தோன்றும். அப்படி இல்லை. 2007-ல் ஹேபரும் அவருடைய சகாக்களும் பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துச் செய்த தொகுப்பாய்வில், கிடைத்த ஆதரவுக்கும் உணரப்பட்ட ஆதரவுக்கும் இடையே சராசரித் தொடர்புக்கெழு 0.35 என்று வந்தது (முழுத் தொடர்பு என்றால் 1). அதாவது இரண்டும் பகிர்ந்துகொள்ளும் மாறுபாடு ஏறக்குறைய எட்டில் ஒரு பங்குதான். போல்ஜர், ஸக்கர்மன், கெஸ்லர் மூவரும் 2000-ல் வெளியிட்ட ஆய்வு இதைவிட யோசிக்க வைக்கும். நியூயார்க்கில் வழக்கறிஞர் தகுதித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தவர்களையும் அவர்களின் துணைவர்களையும் தினமும் குறிப்பு எழுத வைத்தார்கள். உதவி செய்தேன் என்று துணைவர் எழுதி, உதவி கிடைத்தது என்று படிப்பவர் எழுதாத நாட்களில்தான் படிப்பவரின் மனச்சோர்வு குறைந்திருந்தது. கண்ணுக்குத் தெரிந்த உதவி சில சமயம் 'என்னால் சமாளிக்க முடியவில்லை' என்ற எண்ணத்தையும் சேர்த்தே கொடுத்துவிடுகிறது.

அப்படியானால் உணரப்படும் ஆதரவில் மீதி என்ன இருக்கிறது? ஆளுமை இருக்கிறது, அன்றைய மனநிலை இருக்கிறது. இவற்றோடு, பண்பாடுகளை ஒப்பிடும்போது எனக்கு முக்கியமாகப் படுவது எதிர்பார்ப்பு. 'என் குடும்பம் எனக்கு உதவ உண்மையாகவே முயல்கிறது' என்ற கூற்றுக்கு ஒருவர் பதில் சொல்லும்போது, குடும்பம் செய்வதையும் செய்ய வேண்டியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார். அந்த 'செய்ய வேண்டியது' அவர் வளர்ந்த சமூகத்தில் உருவானது. குடும்பம் எல்லாவற்றையும் செய்தே ஆக வேண்டும் என்று நம்பும் ஒருவர், நிறையக் கிடைத்தும் 4-ஐ வட்டமிடலாம். பெரியவர்கள் ஆன பிறகு அவரவர் பாட்டை அவரவர் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று வளர்ந்தவர், மாதம் ஒரு தொலைபேசி அழைப்புக்கே 6 போடலாம். இரண்டு பதில்களும் நேர்மையானவை. இரண்டு எண்களையும் கழித்து 'இவருக்கு 2 புள்ளி ஆதரவு அதிகம்' என்று சொல்வதில்தான் தவறு இருக்கிறது.

இதை வைத்து உணரப்படும் ஆதரவு பயனற்றது என்று நினைத்துவிடக் கூடாது. நெருக்கடியின் தாக்கத்தை அது தணிக்கிறது என்ற கருத்தை கோஹனும் வில்ஸும் 1985-ல் விரிவாகத் தொகுத்து எழுதினார்கள். அதற்குப் பிறகு வந்த ஆய்வுகளிலும் மனநலத்தோடு அதன் தொடர்பு திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. ஹோல்ட்-லன்ஸ்டாட் குழுவின் 2010 தொகுப்பாய்வில் 148 ஆய்வுகள், 3,08,849 பேர். சமூக உறவுகள் வலுவாக இருந்தவர்கள் உயிர்பிழைத்திருக்கும் வாய்ப்பு 50 சதவீதம் அதிகம் என்று அதில் தெரிந்தது. அதே ஆய்வில் கவனிக்க வேண்டிய இன்னொரு விஷயம் உண்டு. ஒருவர் பல வகை உறவுகளில் எவ்வளவு பின்னிப் பிணைந்திருக்கிறார் என்று பார்த்த அளவீடுகளுக்கு வாய்ப்பு விகிதம் 1.91 (1 என்றால் வேறுபாடே இல்லை). உணரப்பட்ட ஆதரவுக்கு 1.35. ஒரே சொல்லால் குறிப்பிட்டாலும் இவை வெவ்வேறு பொருள்கள். உங்கள் ஆய்வேட்டின் தலைப்பில் 'சமூக ஆதரவு' என்று மட்டும் இருந்தால், 'உணரப்படும்' என்பதை இன்றே சேர்த்துவிடுங்கள்.

சரி, ஸிமெட்டின் அளவுகோலுக்கு வருவோம். கிரெகரி ஸிமெட்டும் சகாக்களும் 1988-ல் வெளியிட்டது. குடும்பம், நண்பர்கள், 'சிறப்பான நபர்' என்று மூன்று பிரிவுகள், ஒவ்வொன்றுக்கும் 4 கூற்றுகள், 1 முதல் 7 வரை பதில். முதலில் சோதிக்கப்பட்டது அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக இளங்கலை மாணவர்கள் 275 பேரிடம். அவர்களின் மொத்தச் சராசரி 5.80. மேல் எல்லை 7 என்னும்போது, ஆரம்பத்திலேயே மதிப்பெண்கள் மேல்பக்கம் குவிந்திருந்தன என்பது தெரிகிறது. நன்றாக ஆதரவு பெற்றவர்களுக்குள் யாருக்கு அதிகம் என்று பிரித்தறிய இந்த அளவுகோலுக்கு இடம் போதாது. உங்கள் மாணவர் குழுவிலும் பாதிப் பேர் 6, 7 என்றே போட்டிருந்தால் வியப்பில்லை. அந்தப் பரவல் படத்தை வரைந்து பாருங்கள். ஒரு குழு கூரையில் முட்டிக்கொண்டும் இன்னொன்று நடுவில் பரவியும் இருந்தால், சராசரிகளை நேராக ஒப்பிடுவது அதனாலேயே பலவீனமாகிறது.

மூன்று பிரிவுகளில் எனக்கு எப்போதும் கவலை தருவது அந்த 'சிறப்பான நபர்'. உருவாக்கியவர்கள் அதை வேண்டுமென்றே திறந்து விட்டார்கள். காதலரா, கணவரா, ஆசிரியரா, மதகுருவா என்று பதில் சொல்பவரே முடிவு செய்துகொள்ளட்டும் என்பது நோக்கம். நல்ல நோக்கம்தான். ஆனால் நெருக்கமானவர்கள் எல்லோரும் குடும்பத்துக்குள்ளேயே இருக்கும் ஒருவர் அந்த 4 கூற்றுகளுக்கும் தாயையோ அக்காவையோ நினைத்துக்கொள்கிறார். அப்புறம் குடும்பக் கூற்றுகளுக்கும் அவர்களையே நினைக்கிறார். எந்தக் கூற்றுகளின் பதில்கள் ஒன்றாகச் சேர்ந்து ஒரு 'காரணி' ஆகின்றன என்று பார்க்கும் காரணிப் பகுப்பாய்வில் இரண்டும் ஒட்டிக்கொள்கின்றன. திருமணமாகாத இளைஞர்களிடம் இன்னொரு விதமாக ஒட்டும். ஹாங்காங்கில் பதின்பருவத்தினரிடம் 2000-ல் நடந்த ஒரு ஆய்வில் சிறப்பான நபரும் நண்பர்களும் ஒரே காரணியாகி, குடும்பம் தனியாக நின்றது. துருக்கிய மொழியில் எக்கர், அர்க்கர், யால்டஸ் மூவரும் 2001-ல் வெளியிட்ட திருத்திய பதிப்பில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். குடும்பத்துக்கும் நண்பர்களுக்கும் வெளியே உள்ள ஒருவர், உதாரணமாகக் காதலர், நிச்சயிக்கப்பட்டவர், உறவினர், அண்டை வீட்டார், மருத்துவர் என்று கூற்றிலேயே விளக்கம் சேர்த்தார்கள். காரணிகள் தெளிவாகப் பிரிந்தன. ஆனால் அப்போது கேள்வியே கொஞ்சம் மாறிவிடுகிறது. அங்கே வரும் 'சிறப்பான நபர்' மதிப்பெண்ணும் டியூக் மாணவர்களின் மதிப்பெண்ணும் ஒரே பொருளைக் குறிப்பதாகச் சொல்ல முடியாது.

உங்கள் குழுவுக்கு இது இன்னும் கூர்மையாகப் பொருந்தும். வேலைக்காக வந்தவரின் குடும்பம் எங்கே இருக்கிறது? 'என் குடும்பம்' என்று படிக்கும்போது அவர் நினைப்பது கூட வந்திருக்கும் மனைவியையா, ஊரில் இருக்கும் பெற்றோரையா? ஊரில் இருப்பவர்களுக்குப் பணம் அனுப்புவதே அவர்தான் என்றால், உதவி எந்தத் திசையில் ஓடுகிறது? தன் கஷ்டத்தை வீட்டுக்குச் சொல்லாமல் மறைப்பதைக் கடமையாக நினைக்கும் ஒருவரிடம் 'என் பிரச்சினைகளைக் குடும்பத்திடம் பேச முடியும்' என்ற கூற்றைக் காட்டினால், அவர் குறைந்த எண்ணைத்தான் போடுவார். அந்தக் குறைந்த எண்ணில் பாசக் குறைவு எதுவும் இல்லை. அளவுகோல் உருவான இடத்தில் இந்த நிலைமை யார் மனதிலும் இருந்திருக்காது.

இதோடு தொடர்புள்ள ஆய்வு வரிசை ஒன்றை நீங்கள் கட்டாயம் படிக்க வேண்டும். ஷெல்லி டெய்லர், ஹீஜங் கிம், டேவிட் ஷெர்மன் ஆகியோர் செய்தது. 2004-ல் அவர்கள் காட்டியது இது: நெருக்கடியில் பிறரிடம் உதவி கேட்பது ஆசியர்களிடமும் ஆசிய அமெரிக்கர்களிடமும் ஐரோப்பிய வம்சாவளி அமெரிக்கர்களைவிடக் குறைவு. காரணம் உறவுகள் இல்லாதது என்று தெரியவில்லை. உறவைச் சிரமப்படுத்தக் கூடாது, குழுவின் இணக்கம் கெடக் கூடாது, மதிப்பை இழக்கக் கூடாது என்ற அக்கறைதான் முன்னால் நின்றது. 2007-ல் இதைச் சோதனைக்கூடத்தில் பார்த்தார்கள். மன அழுத்தம் தரும் ஒரு பணிக்கு முன்பு, சிலரைத் தங்களுக்கு நெருக்கமான ஒரு குழுவை நினைத்து எழுதச் சொன்னார்கள். வேறு சிலரை, நெருக்கமான ஒருவரிடம் ஆலோசனையும் ஆதரவும் கேட்டுக் கடிதம் எழுதச் சொன்னார்கள். ஆசியப் பின்னணி உள்ளவர்களுக்கு முதல் வகை உதவியது. ஐரோப்பிய வம்சாவளியினருக்கு இரண்டாவது வகை உதவியது. சொன்ன உணர்வில் மட்டும் இல்லாமல் மன அழுத்த ஹார்மோனான கார்டிசாலின் அளவிலும் இந்த வேறுபாடு தெரிந்தது. வாய்விட்டுக் கேட்காமல், பிரச்சினையைப் பற்றிப் பேசாமல், உடன் இருப்பதாலேயே கிடைக்கும் ஆதரவை அவர்கள் உள்ளார்ந்த ஆதரவு என்ற பொருளில் தனியாகப் பிரித்தார்கள்.

இப்போது 12 கூற்றுகளையும் எடுத்து மறுபடி வாசியுங்கள். பிரச்சினையைப் பேசுவது, இன்ப துன்பத்தைப் பகிர்வது, முடிவெடுக்க உதவுவது என்று வெளிப்படையான ஆதரவே அதிகம் வருகிறது. ஒன்றும் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு அதில் இடம் குறைவு. சொல்லாமலே தெரிந்து செய்பவருக்கும் அப்படித்தான். நான் அவர்களுக்குச் செய்தேன், அதனால் அவர்கள் எனக்குச் செய்வார்கள் என்ற கைமாற்று உறவு, காப்பின் வரையறையிலேயே இருந்த அந்தப் பரஸ்பரக் கடமை, பெரும்பாலான வினாப்பட்டியல்களில் காணாமல் போய்விட்டது. அண்டை அயலார், வழிபாட்டுக் குழு, ஒரே அறையில் தங்கும் சக தொழிலாளர்கள் இவர்களும் மூன்று பெட்டிகளுக்குள் சரியாக அடங்குவதில்லை. இந்தக் குறையைக் கண்டுபிடிக்க எந்தப் புள்ளியியல் முறையும் உதவாது. கேட்காத கேள்விக்குத் தரவு கிடையாது. கேட்ட 12 கூற்றுகளும் மிக அழகாக ஒத்துப்போனாலும், அந்தச் சமூகத்தில் ஆதரவு என்பதன் பாதி வெளியே நிற்கலாம்.

அடுத்தது பதில் சொல்லும் பழக்கம். ஏழு படிநிலை கொடுத்தால் எல்லோரும் அதை ஒரே மாதிரிப் பயன்படுத்துவதில்லை. சென், லீ, ஸ்டீவன்சன் மூவரும் 1995-ல் ஜப்பான், தைவான், கனடா, அமெரிக்கா ஆகிய நாடுகளின் பள்ளி மாணவர்களை ஒப்பிட்டார்கள். ஜப்பானிய, தைவான் மாணவர்கள் நடுப்புள்ளியை அதிகம் எடுத்தார்கள், அமெரிக்க மாணவர்கள் ஓரங்களை அதிகம் எடுத்தார்கள். வேறு சில சமூகங்களில், எதிரே உட்கார்ந்து கேட்பவரிடம் 'இல்லை' என்று சொல்வது மரியாதைக் குறைவாகப் படும், எல்லாவற்றுக்கும் ஆமாம் வரும். ஸிமெட்டின் 12 கூற்றுகளும் நேர்மறையாகவே எழுதப்பட்டவை. அதனால் ஆமாம் போடும் பழக்கமும் உண்மையான ஆதரவும் ஒரே பக்கம் போய்ச் சேர்கின்றன, பிரித்தெடுக்க வழியில்லை. உடனே எதிர்மறைக் கூற்றுகள் சிலவற்றைச் சேர்த்துவிடலாமே என்று தோன்றும். அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். 'என் குடும்பம் எனக்கு உதவுவதில்லை என்பதை நான் ஏற்கவில்லை' என்ற வகைத் தர்க்கம் பள்ளிப்படிப்பு குறைந்தவர்களைக் குழப்புகிறது. பகுப்பாய்வில் எதிர்மறைக் கூற்றுகள் எல்லாம் சேர்ந்து பொருளற்ற ஒரு தனிக் காரணியாகவும் வந்து நிற்கும்.

பதில் எப்படி வாங்கினீர்கள் என்பதும் இதில் சேரும். மாணவர்கள் கணினியில் தனியாக நிரப்பியிருப்பார்கள். தொழிலாளர்களுக்கு ஒருவர் வாசித்துக் காட்டினாரா? அப்போது பக்கத்தில் வேறு யாராவது இருந்தார்களா? குடும்பத்தைப் பற்றிய கேள்வியை மைத்துனர் காதில் விழும்படி கேட்டால் அது வேறு கேள்வி. 2002-ல் ஸ்டீவன் ஹைனேயும் சகாக்களும் எழுதியது இதற்கும் பொருந்தும்: மனிதர்கள் தங்களை மதிப்பிடும்போது தங்களைச் சுற்றியிருப்பவர்களோடு ஒப்பிட்டே மதிப்பிடுகிறார்கள், ஆகவே குழுக்களுக்கு இடையே உள்ள உண்மையான வேறுபாடு சராசரியில் மறைந்துபோகலாம். உங்கள் குழுவில் இது எதிர்த்திசையிலும் வேலை செய்யலாம். வந்த நாட்டுக்காரர்களின் குடும்பங்கள் பக்கத்திலேயே இருப்பதைத் தினமும் பார்க்கும் ஒருவர், அதோடு ஒப்பிட்டுத் தன் எண்ணைக் குறைத்துப் போட்டிருக்கலாம்.

இப்போது அளவீட்டுச் சமத்தன்மைக்கு, அதாவது ஒரே எண் இரண்டு குழுக்களிலும் ஒரே பொருள் தருகிறதா என்ற கேள்விக்கு, வருகிறேன். உங்கள் ஆய்வேட்டுத் தேர்வாளர் கட்டாயம் கேட்கப்போவது இதைத்தான். ஆல்பா 0.9 என்பது அந்தக் குழுவுக்குள் கூற்றுகள் ஒன்றோடொன்று சேர்ந்து போகின்றன என்று மட்டும் சொல்கிறது. இரண்டு குழுக்களிலும் எண்கள் ஒரே பொருள் தருகின்றன என்று அது ஒருபோதும் சொல்லாது. இரண்டு தராசுகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றின் முள் பூஜ்யத்தில் தொடங்குகிறது, இன்னொன்றின் முள் ஒன்றுமே வைக்காதபோதே 200 கிராமில் நிற்கிறது. இரண்டுமே நம்பகமானவை, எத்தனை முறை நிறுத்தாலும் அதே எண்ணைக் காட்டும். அந்தந்தத் தராசில் எது கனம், எது லேசு என்றும் சரியாகச் சொல்லும். ஆனால் இதில் நிறுத்ததையும் அதில் நிறுத்ததையும் கழித்துப் பார்க்க முடியாது.

புள்ளியியலில் இதைப் படிப்படியாகச் சோதிக்கிறோம். முதல் படியில், இரண்டு குழுக்களிலும் அதே மூன்று காரணிகளும் அதே கூற்றுகளோடு வருகின்றனவா என்று பார்க்கிறோம். இதுவே தடுமாறினால், அதாவது சிறப்பான நபர் ஒரு குழுவில் குடும்பத்தோடு ஒட்டிக்கொண்டால், மொத்த மதிப்பெண்ணை ஒப்பிடும் பேச்சே இல்லை. இரண்டாவது படி மெட்ரிக் சமத்தன்மை. ஒவ்வொரு கூற்றும் தன் காரணியோடு எவ்வளவு இறுக்கமாகக் கட்டப்பட்டிருக்கிறது என்பது இரண்டு பக்கமும் ஒன்றா என்று பார்ப்பது. மூன்றாவது ஸ்கேலார் சமத்தன்மை. ஒரே அளவு ஆதரவை உணரும் இருவர், எந்தக் குழுவைச் சேர்ந்தவராக இருந்தாலும், அந்தக் கூற்றுக்கு அதே எண்ணைப் போடுவார்களா? தராசின் முள் எங்கே தொடங்குகிறது என்ற கேள்வி இதுதான். சராசரிகளை ஒப்பிட இந்த மூன்றாவது படி தேவை. பெரும்பாலான ஒப்பீடுகள் இடறி விழுவதும் இங்கேதான்.

ஒரு படியிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது, மாதிரி தரவுக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் சிஎஃப்ஐ என்ற எண் 0.01-க்கு மேல் குறையக் கூடாது என்பது பரவலாகப் பயன்படும் அளவு. சியுங், ரென்ஸ்வோல்ட் இருவரும் 2002-ல் முன்வைத்தது. ஃபாங் ஃபாங் சென் 2007-ல் அதோடு, பொருந்தாமையைக் காட்டும் ஆர்எம்எஸ்இஏ என்ற எண் 0.015-க்கு மேல் கூடக் கூடாது என்பதையும் சேர்த்தார். இவை வழிகாட்டி எண்கள், சட்டம் கிடையாது. பதில்கள் மேல்பக்கம் குவிந்திருந்தால் தரவைத் தொடர் எண்களாகக் கருதாமல் படிநிலைத் தரவாகவே கொடுங்கள். ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளின் லவான் தொகுப்பிலேயே இதைச் செய்யலாம். ஒவ்வொரு குழுவிலும் 200 பேராவது இருந்தால் முடிவுகளை நம்பிப் பேசலாம், மிகக் குறைவாக இருந்தால் சோதனை எதையும் கண்டுபிடிக்காமலே 'சமம்' என்று சொல்லிவிடும்.

ஸ்கேலார் படி தோற்றால் எல்லாம் போயிற்று என்று அர்த்தமில்லை. எந்தக் கூற்று நழுவுகிறது என்று பார்த்து, அதை மட்டும் இரண்டு குழுக்களிலும் வேறுபட விட்டு மறுபடி சோதிக்கலாம். பகுதிச் சமத்தன்மை என்ற இந்த யோசனையை பைர்ன், ஷேவல்சன், முத்தேன் 1989-லேயே கொடுத்துவிட்டார்கள். குழுக்கள் பத்து இருபது என்று போனால் 2014-ல் அஸ்பரூஹோவும் முத்தேனும் தந்த சீரமைப்பு முறை உண்டு. உங்களுக்கு இரண்டே குழு, அது தேவைப்படாது.

'1 முதல் 2.9 வரை குறைவு, 3 முதல் 5 வரை நடுத்தரம், 5.1-க்கு மேல் அதிகம்' என்ற வெட்டுப்புள்ளிகளை நீங்கள் பயன்படுத்தியிருந்தால் எடுத்துவிடுங்கள். அவை படிநிலையின் வார்த்தைகளை ஒட்டி வகுத்த பிரிப்பு. எந்த மக்கள்தொகையிலும் யாருக்கு ஆபத்து என்று சோதித்து எடுத்தவை இல்லை. ஒரு சமூகத்தில் 'நடுத்தரம்' என்று விழும் ஒருவர் அங்கே மிக நன்றாகவே இருக்கலாம்.

மொழிபெயர்ப்பைப் பற்றி ஒரு கேள்வி: ஒருவர் பெயர்த்தார், இன்னொருவர் மூலமொழிக்குத் திருப்பினார், இரண்டும் ஒத்துப்போனது, அவ்வளவுதானா? பிரிஸ்லின் 1970-ல் விளக்கிய இந்த முறை இன்றும் பயன்படுகிறது. ஆனால் அது பிடிப்பது பெரிய பிழைகளை மட்டும்தான். மூலத்தின் வாக்கிய அமைப்பை அப்படியே ஒட்டிய, பேசுபவர் யாரும் சொல்லாத ஒரு மொழிபெயர்ப்பு, திருப்பிப் பெயர்க்கும்போது மிக அழகாகத் திரும்பி வரும். இந்த அளவுகோலின் மொழிபெயர்ப்புகளைப் பற்றி 2018-ல் வந்த ஒரு முறைசார் மறுஆய்வு 22 மொழிகளில் 70 கட்டுரைகளைப் பார்த்தது. பெரும்பாலானவற்றில் மொழிபெயர்ப்பு நடைமுறையே போதிய கவனத்தோடு செய்யப்படவில்லை என்பது அதன் முடிவு. நான் பெரிதாக மதிப்பது அறிதல் நேர்காணலை. அந்தக் குழுவைச் சேர்ந்த பத்துப் பன்னிரண்டு பேரிடம் ஒவ்வொரு கூற்றையும் காட்டி, "இதைப் படித்ததும் யாரை நினைத்தீர்கள்? ஏன் 5? எப்போது 7 போடுவீர்கள்?" என்று கேட்பது. செலவு அதிகமில்லை, ஒரு வாரத்தில் முடியும். காரணிப் பகுப்பாய்வு 'இந்தக் கூற்று நழுவுகிறது' என்று சொல்லும் இடத்தில், ஏன் நழுவுகிறது என்று இந்த நேர்காணல்தான் சொல்லும்.

வேறு அளவுகோல் எடுத்திருக்க வேண்டுமா என்ற இரண்டாவது கேள்விக்குச் சுருக்கமாகப் பதில் சொல்கிறேன். நோயாளிகளிடமும் வீட்டு வேலைகளில் உதவி தேவைப்படுபவர்களிடமும் என்றால் ஷெர்போர்ன், ஸ்டூவர்ட் இருவரின் 1991 அளவுகோல் பொருத்தம். 19 கூற்றுகள், மருத்துவரிடம் கூட்டிப் போக ஆள் உண்டா, சமைத்துத் தர ஆள் உண்டா என்று செயலைக் கேட்கும், யார் செய்கிறார் என்று கேட்காது. குடும்பம், நண்பர் என்ற பெட்டிகள் பொருந்தாத சமூகங்களுக்கு இந்த ஒரு காரணத்துக்காகவே அதை நான் முதலில் யோசிப்பேன். உங்கள் தொழிலாளர் குழுவுக்கும் இது ஓரளவு நன்றாக வந்திருக்கும். முதியவர்களிடம் உறவு வலை சுருங்கிவருகிறதா என்று பார்க்க லப்பனின் அளவுகோல், பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆசிரியரையும் வகுப்புத் தோழரையும் தனியாகக் கேட்கும் மலெக்கி, டெமரே அளவுகோல் என்று வேறு தேர்வுகளும் உண்டு. எதை எடுத்தாலும் சமத்தன்மைச் சோதனையிலிருந்து தப்ப முடியாது.

உங்கள் ஒப்பீட்டில் பண்பாட்டோடு சம்பந்தமில்லாத ஒரு சிக்கலும் இருக்கிறது. ஒரு பக்கம் மாணவர்கள், இன்னொரு பக்கம் தொழிலாளர்கள். வயது, படிப்பு, வருமானம், திருமணம், ஓய்வு நேரம் எல்லாமே வேறு. புலம்பெயர்ந்ததால் குறைந்ததா, வேலை செய்யும் வயதினர் என்பதால் குறைந்ததா என்று இந்த வடிவமைப்பில் பிரிக்க முடியாது. மாணவர்களின் அதே நாட்டைச் சேர்ந்த, தொழிலாளர்களின் அதே வகை வேலை செய்யும் ஒரு குழுவிடமும் தரவு சேர்க்க முடிந்தால் ஆய்வு பல மடங்கு வலுப்பெறும்.

அது முடியாவிட்டாலும் கையில் இருக்கும் தரவு வீண் இல்லை. மெட்ரிக் படி நின்றாலே போதும், ஒவ்வொரு குழுவுக்குள்ளும் உணரப்படும் ஆதரவு மனச்சோர்வோடு எப்படித் தொடர்புபடுகிறது, அந்தத் தொடர்பின் வலு இரண்டு குழுக்களிலும் வேறுபடுகிறதா என்று ஒப்பிடலாம். எனக்குக் கேட்டால் அதுதான் 'யாருக்கு அதிகம்' என்பதைவிட நல்ல கேள்வி. மாணவர்களுக்கு நண்பர்களின் ஆதரவும் தொழிலாளர்களுக்குத் தொலைவில் இருக்கும் குடும்பத்தின் ஆதரவும் மனநலத்தோடு நெருங்கியிருக்கிறது என்று தெரிந்தால், திட்டம் வகுப்பவருக்கு அதில் செய்ய வேலை இருக்கிறது. மூன்று பிரிவுகளையும் தனித்தனியாகவே காட்டுங்கள், மொத்த மதிப்பெண் அந்த வேறுபாட்டை மூடிவிடும்.

வேலையை இந்த வரிசையில் செய்யுங்கள். முதலில் தொழிலாளர் குழுவிலிருந்து பத்துப் பேரிடம் அறிதல் நேர்காணல். அப்புறம் பரவல் படங்கள், சமத்தன்மைச் சோதனை, கடைசியில் தொடர்புகள். ஸ்கேலார் படி நிற்காவிட்டால் சராசரி ஒப்பீட்டை நீக்கிவிட்டு, எந்தக் கூற்று எந்தப் பக்கம் நகர்ந்தது, நேர்காணலில் அதற்கு என்ன காரணம் சொன்னார்கள் என்பதை ஒரு அட்டவணையாகப் போடுங்கள். அதைப் பின்னிணைப்புக்குத் தள்ளாமல் முடிவுகள் அத்தியாயத்திலேயே வையுங்கள். அதே மொழியில் அடுத்து இந்த அளவுகோலைக் கையில் எடுப்பவர் முதலில் தேடப்போவது அந்த அட்டவணையைத்தான்.